பிராசசரும் ராமும் ஒரே தாளத்தில்: வீட்டு கம்ப்யூட்டரை ஓவர்கிளாக் செய்யும் முன்

(நமது சங்கத்தின் ஞாயிறு மாலைக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். அன்று வர இயலாதவர்களும் படிக்க வேண்டும் என்று பலர் கேட்டுக்கொண்டதால் இந்த இதழில் வெளியிடுகிறோம்.)



வழக்கமாக இந்தக் கூட்டத்தில் மழைநீர் வடிகால், தெருவிளக்கு, குடிநீர் என்றுதான் பேசுவோம். இந்த முறை இளைஞர்களும் வந்து உட்காரும்படி ஏதாவது பேசுங்கள் என்று செயலாளர் சொன்னார். நான் கம்ப்யூட்டர் படித்தவன் அல்ல. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சிறிய தொழிற்கூடத்தில் இயந்திரப் பராமரிப்பில் முப்பது வருடம் இருந்தவன். கம்ப்யூட்டரைப் பிரித்துப் பார்த்துக் கற்றுக்கொண்டவன். அதில் தெரிந்ததையும், நான் செய்த ஒரு பெரிய தவறையும் இன்று உங்களுக்குச் சொல்கிறேன்.

சில மாதங்களுக்கு முன் நம் குடியிருப்பில் ஒரு அம்மா, பதினோராம் வகுப்பு படிக்கும் மகனோடு என் வீட்டுக்கு வந்தார். "சார், கம்ப்யூட்டர் திணறுதுன்னு இவன் புது பிராசசர் கேக்கறான். கடையில பதினெட்டாயிரம் ஆகும்ங்கறாங்க. நிஜமாவே மாத்தணுமா?" என்றார். பையன் உடனே, "இல்லன்னா ஓவர்கிளாக் பண்ணிக் கொடுங்க அங்கிள், அதுக்குக் காசு வேண்டாம்" என்றான்.

போய்ப் பார்த்தேன். ரைசன் 5 3600 பிராசசர். ஆறு கோர் உள்ளது, இன்றும் வீட்டு வேலைக்குத் தாராளம். 3200 வேகம் என்று அச்சிட்ட இரண்டு ராம் குச்சிகள். பிராசசரைத் தொடுவதற்கு முன் ஒன்று செய்தேன். அதை நீங்களும் இன்றே உங்கள் வீட்டில் செய்து பாருங்கள். விண்டோஸ் கம்ப்யூட்டரில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் மெமரியைத் தட்டினால் வலது பக்கம் ராம் ஓடும் வேகம் தெரியும். அந்தப் பையனின் கம்ப்யூட்டரில் 3200 இல்லை, 2133 என்று இருந்தது. வாங்கிய நாளிலிருந்து அப்படித்தான் ஓடியிருக்கிறது.

இது பழுது அல்ல. இத்தகைய ராம் பெரும்பாலும் முதலில் எல்லா போர்டிலும் ஓடக்கூடிய பாதுகாப்பான, குறைந்த வேகத்தில்தான் எழும். பெட்டியில் அச்சிட்ட வேகம் வேண்டுமென்றால் பயாஸுக்குள் போய் எக்ஸ்.எம்.பி. என்ற அமைப்பை நாம்தான் இயக்க வேண்டும். புதிய ஏ.எம்.டி. போர்டுகளில் அதையே எக்ஸ்போ என்பார்கள். இன்னொன்றும் கண்ணில் பட்டது. இரண்டு ராம் குச்சிகளும் பக்கத்துப் பக்கத்து ஸ்லாட்டில் செருகப்பட்டிருந்தன. இரண்டும் ஒரே பாதையில் போய் வந்தன, இன்னொரு பாதை சும்மா இருந்தது. நான்கு ஸ்லாட் உள்ள பெரும்பாலான போர்டுகளில் பிராசசர் பக்கத்திலிருந்து எண்ணினால் இரண்டாவதிலும் நான்காவதிலும்தான் இரண்டு குச்சிகளைப் போட வேண்டும். போர்டின் கையேட்டில் படமே போட்டிருக்கும்.

குச்சியை இடம் மாற்றினோம். எக்ஸ்.எம்.பி.யை இயக்கினோம். அவன் விளையாடும் விளையாட்டில் நொடிக்கு எழுபது படம் அருகே இருந்தது தொண்ணூறைத் தாண்டியது. இடையிடையே வந்த திணறலும் போயிற்று. பதினெட்டாயிரம் ரூபாய் அந்த அம்மாவின் கையிலேயே இருந்தது.

பிராசசரைத் தொடாமலே கம்ப்யூட்டர் எப்படி வேகமாயிற்று? அதைப் புரிந்துகொண்டால் இந்த உரையில் பாதி முடிந்தது.

4 கிகாஹெர்ட்ஸ் பிராசசர் என்றால் அதன் ஒரு துடிப்பு கால் நானோ நொடி. ராமிலிருந்து ஒரு தகவலைக் கேட்டு வாங்க, இன்றைய மேசைக் கம்ப்யூட்டரில் சுமார் 70, 80 நானோ நொடி ஆகும். அதாவது ஒவ்வொரு முறை ராமிடம் கை நீட்டும்போதும் பிராசசர் முந்நூறு துடிப்புக்குக் காத்திருக்கிறது. இதைக் குறைக்கத்தான் பிராசசருக்குள்ளேயே கேஷ் என்ற சிறு கிடங்கு வைத்திருக்கிறார்கள். தேவையானது அங்கே இல்லாவிட்டால் ராமுக்குத்தான் போக வேண்டும்.

ஒரு கணக்குப் போடுவோம். ஒரு வேலைக்கு 100 நொடி ஆகிறது. அதில் 60 நொடி பிராசசர் உழைக்கிறது, 40 நொடி ராமுக்காகக் காத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிராசசரைப் பத்து சதவீதம் வேகமாக்கினால் 60 நொடி 54.5 ஆகும். மொத்தம் 94.5 நொடி. பத்து சதவீதம் ஏற்றினோம், கிடைத்தது ஐந்தரை. காத்திருக்கும் நேரத்தைக் கால்வாசி குறைத்தால்? 40 நொடி 30 ஆகும். மொத்தம் 90 நொடி. எது முடக்குகிறது என்று தெரியாமல் எதை ஏற்றினாலும் பாதிப் பலன்தான். எஸ்டேட்டில் நாங்கள் இதைத் தினமும் பார்த்தோம். லேத்தை வேகமாக ஓட்டி என்ன பயன், அடுத்த மெஷினில் பொருள் குவிந்து கிடந்தால்?

சரி, அப்படியானால் இரண்டையும் முடிந்தவரை ஏற்றிவிடலாமே என்று தம்பிகள் கேட்பீர்கள். அங்கேதான் சமநிலை என்ற விஷயம் வருகிறது.

ஆவடி ஸ்டேஷனில் இறங்கி பூந்தமல்லி பஸ் பிடிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரயில் பத்து நிமிடத்துக்கு ஒன்று, பஸ்ஸும் பத்து நிமிடத்துக்கு ஒன்று. ரயில் வந்து இரண்டு நிமிடத்தில் பஸ் கிளம்பும். யாரும் நிற்க வேண்டியதில்லை. இப்போது ரயிலை மட்டும் எட்டு நிமிடத்துக்கு ஒன்றாக ஆக்கிவிட்டார்கள். ஒரு ரயிலுக்கு பஸ் தயாராக இருக்கும். இன்னொரு ரயிலில் வருபவர் இறங்கும்போது பஸ் அப்போதுதான் போயிருக்கும். ரயில் அடிக்கடி வருகிறது, ஆனால் வெளியே நிற்கும் நேரம் கூடிவிட்டது. கம்ப்யூட்டருக்குள் இரண்டு கடிகாரங்கள் பொருந்தாமல் ஓடும்போது நடப்பது இதுதான். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தகவல் மாறும் இடத்தில் காத்திருப்பு விழும்.

இது புதிய கதை அல்ல. 1998-ல் இன்டெல் செலரான் 300ஏ என்ற விலை குறைந்த பிராசசரை வெளியிட்டது. அதன் கணக்கு எளிது: போர்டின் பஸ் வேகம் 66 மெகாஹெர்ட்ஸ், அதை நாலரையால் பெருக்கினால் 300. பெருக்கும் எண்ணை மாற்ற முடியாது, ஆனால் பஸ் வேகத்தை 100 ஆக்கலாம். அப்போது 450 மெகாஹெர்ட்ஸ். பாதி விலைக்கு மேல்தட்டு வேகம் என்று உலகம் முழுக்க அதைத் தேடி வாங்கினார்கள். ஆனால் அந்தக் காலத்து போர்டுகளில் ராமும் அதே பஸ் வேகத்தில்தான் ஓடும். 66-க்கு என்று செய்த ராமைப் போட்டிருந்தவர்களுக்கு அந்த 100 பெரும்பாலும் எட்டவில்லை. பி.சி.100 ராம் போட்டவர்களுக்கு ஓடியது.

2006-ல் கோர் 2 டுயோ வந்தது. அதில் இ6300 என்ற பிராசசரை நான் ரிச்சி தெருவில் வாங்கினேன். அதன் பஸ் 266 மெகாஹெர்ட்ஸ். ஒரு துடிப்புக்கு நான்கு முறை, ஒவ்வொரு முறையும் 8 பைட். ஆக நொடிக்கு சுமார் 8.5 ஜி.பி. டி.டி.ஆர்.2 533 ராம் இரண்டு குச்சி போட்டால் அதுவும் நொடிக்கு சுமார் 8.5 ஜி.பி. தரும். குழாயும் மோட்டாரும் ஒரே அளவு. அன்று நானோ டி.டி.ஆர்.2 800 ராம் வாங்கிப் போட்டுவிட்டுப் பெருமையாக இருந்தேன். அது 12.8 ஜி.பி. தரும். குழாய் 8.5-க்குத்தான் இருந்தது. மோட்டாரைப் பெரிதாக்கியவன் குழாயை மாற்றவில்லை. பிறகு பஸ் வேகத்தை 400 ஆக்கியபோது பிராசசர் 1.86-லிருந்து 2.8 கிகாஹெர்ட்ஸ் ஆயிற்று, குழாயும் சரியாக 12.8 ஆயிற்று. போட்ட காசுக்கு அன்றுதான் பலன் கிடைத்தது.

இன்றைய கம்ப்யூட்டரில் பிராசசருக்கும் ராமுக்கும் வேகத்தைத் தனித்தனியாக வைக்கலாம். அதனால் பொருத்தம் பார்க்க வேண்டிய இடம் சற்று மறைந்திருக்கிறது. முதலில் ஒரு சின்ன விஷயம். டி.டி.ஆர். ராமில் 3600 என்று போட்டிருந்தால் அதன் உண்மையான கடிகாரம் 1800 தான். ஒரு துடிப்புக்கு இரண்டு முறை தகவல் தருவதால் 3600 என்கிறார்கள். சி.பி.யூ.-இசட் போன்ற மென்பொருளில் 1800 என்று பார்த்துவிட்டு கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போய்விடாதீர்கள்.

2019-ல் வந்த ரைசன் 3000 வரிசையில் கோர்களுக்கும் மெமரி கன்ட்ரோலருக்கும் நடுவே இன்ஃபினிட்டி ஃபேப்ரிக் என்ற பாதை இருக்கிறது. ராம் 3600 என்றால் ராம் கடிகாரம் 1800, கன்ட்ரோலர் 1800, பாதையும் 1800. மூன்றும் ஒரே தாளம். 3733 தாண்டினால் போர்டு தானாகவே கன்ட்ரோலரைப் பாதி வேகத்துக்கு இறக்கிவிடும். 4000 ராமுக்கு அதிகக் காசு கொடுத்தவர், 3600 ராம் போட்டவரைவிட அதிக நேரம் காத்திருப்பார். 2022-ல் வந்த ரைசன் 7000 வரிசைக்கு டி.டி.ஆர்.5 6000 பொருத்தமான இடம். அங்கே ராமும் கன்ட்ரோலரும் 3000-ல் சமமாக ஓடுகின்றன. இன்டெல்லில் 2021-ல் வந்த பதினோராம் தலைமுறையிலிருந்து இதையே கியர் 1, கியர் 2 என்று பயாஸில் காட்டுகிறார்கள். கியர் 2 என்றால் கன்ட்ரோலர் ராமின் பாதி வேகத்தில் ஓடுகிறது. டி.டி.ஆர்.4 போட்டிருந்தால் கியர் 1-ல் நிலையாக ஓடும் வேகம்தான் வீட்டுக்கு நல்லது.

ராம் வாங்கும்போது வேகத்தோடு சி.எல். என்ற எண்ணையும் பாருங்கள். சி.எல். எண்ணை இரண்டாயிரத்தால் பெருக்கி, ராம் வேகத்தால் வகுத்தால் நானோ நொடி கிடைக்கும். 3200, சி.எல். 16 என்றால் 10 நானோ நொடி. 3600, சி.எல். 18 என்றாலும் அதே 10. ஆனால் 2666, சி.எல். 19 என்றால் 14.25. டி.டி.ஆர்.5-ல் 4800, சி.எல். 40 என்றால் 16.7, 6000, சி.எல். 30 என்றால் 10. மொத்தக் காத்திருப்பில் இது ஒரு பகுதிதான். ஆனாலும் கடையில் நின்று இரண்டு பெட்டிகளை ஒப்பிட இந்தக் கணக்கு போதும்.

இனி நம் ஊருக்கே உரிய விஷயம்: வெயில்.

பிராசசரின் சூடு, வேகத்தோடு நேராகவும் வோல்ட்டேஜின் வர்க்கத்தோடும் ஏறும். வேகத்தைப் பத்து சதவீதம் ஏற்ற, வோல்ட்டேஜை 1.2-லிருந்து 1.35 ஆக்கினீர்கள் என்றால் சூடு 39 சதவீதம் கூடும். மேலே போட்ட கணக்கில் அதற்குக் கிடைத்தது ஐந்தரை சதவீதம் என்பதை நினைவில் வையுங்கள். வீடியோவில் ஓவர்கிளாக் செய்து காட்டுபவரின் அறை 22 டிகிரி. கத்திரி வெயிலில் நம் மொட்டை மாடிக்குக் கீழ் அறை 36 டிகிரி. எந்த ஃபேனும் அறையின் சூட்டுக்குக் கீழே குளிர்விக்காது. அவருக்கு 80 டிகிரி காட்டும் பிராசசர் உங்களுக்கு 94 காட்டும். அந்தச் சூட்டில் பிராசசர் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஏற்றியதும் போயிற்று, கரண்ட் பில்லும் ஏறிற்று.

பிராசசர் சூடானால் வேகத்தைக் குறைக்கும், இல்லாவிட்டால் அணைந்துவிடும். நமக்குத் தெரிந்துவிடும். ராம் அப்படி இல்லை. இங்கேதான் என் தவறைச் சொல்ல வேண்டும்.

என் அப்பா, அம்மாவின் பழைய போட்டோக்களை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் வைத்திருந்தேன். 2015 டிசம்பர் வெள்ளத்தில் தண்ணீர் வீட்டுக்குள் வந்தபோது பீரோவின் அடித்தட்டில் இருந்த ஆல்பங்கள் ஊறி ஒட்டிப்போயின. பரவாயில்லை, ஸ்கேன் இருக்கிறதே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

2019 டிசம்பரில் புது கம்ப்யூட்டர் போட்டேன். 3200 ராமை 3600-க்கு ஏற்றினேன். ஓர் இரவு முழுக்கச் சோதனை ஓடவிட்டேன். ஒரு பிழையும் இல்லை. மார்கழிக் குளிர், ஜன்னல் திறந்திருந்தது. 2020 மே மாதம், ஊரடங்கு. வீட்டில் சும்மாதானே இருக்கிறோம் என்று போட்டோக்களை எல்லாம் வருடவாரியாகப் பிரித்து, புதிய டிஸ்க்குக்கு மாற்றி, பழைய பேக்கப்பையும் அழித்துவிட்டுப் புதிதாக எடுத்தேன். கம்ப்யூட்டர் ஒரு முறைகூட நிற்கவில்லை. ஒரு எச்சரிக்கையும் வரவில்லை. இரண்டு மாதம் கழித்து அம்மாவின் நினைவு நாளுக்கு ஒரு படம் எடுக்கப் போனபோதுதான் பார்த்தேன். பாதிப் படத்துக்குக் கீழே சாம்பல் நிறப் பட்டை. அடுத்ததும் அப்படி. எண்ணிப் பார்த்தால் 37 படங்கள். பேக்கப்பிலும் அதே பட்டை.

காரணம் இதுதான். ஒரு கோப்பை நகலெடுக்கும்போது அது ராம் வழியாகத்தான் போகிறது. சூடு ஏறினால் ராமின் மின்னூட்டம் சீக்கிரம் கசியும். குளிரில் சமாளித்த வேகத்தை அது வெயிலில் சமாளிக்காது. எங்காவது ஒரு பிட் மாறும். நாம் வீட்டில் போடும் சாதாரண ராம் அதைக் கண்டுபிடித்துச் சொல்லாது. மாறிய கோப்பு அப்படியே டிஸ்க்கில் எழுதப்படும், அதுவே பேக்கப்பிலும் போகும். மார்கழியில் பரீட்சை வைத்துவிட்டு, கத்திரியில் வேலைக்கு அனுப்பினேன். தவறு ராமுடையது அல்ல, என்னுடையது. நல்லவேளையாக என் தங்கை வீட்டில் பழைய டி.வி.டி. ஒன்று இருந்தது. அதில் 14 படங்கள் கிடைத்தன. மீதி 23 போனது போனதுதான். வேலை உடுப்பில் அப்பா சைக்கிளோடு நிற்கும் ஒரே படம் அந்த 23-ல் ஒன்று.

அதன் பிறகு நான் கடைப்பிடிக்கும் முறையைச் சொல்கிறேன். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, எதையும் தொடும் முன் முக்கியமான கோப்புகளை வெளி டிஸ்க் ஒன்றில் எடுத்து, கழற்றி, பீரோவில் வையுங்கள். மேல்தட்டில்.

இரண்டாவது, பிராசசரைச் சாதாரண வேகத்தில் விட்டுவிட்டு ராமை மட்டும் முதலில் பாருங்கள். எக்ஸ்.எம்.பி. அல்லது எக்ஸ்போ, சரியான ஸ்லாட், ஒன்றுக்கு ஒன்று பொருத்தம். பெரும்பாலான வீடுகளுக்கு இதோடு நிறுத்திக்கொள்வதே போதும்.

மூன்றாவது, ராமைச் சோதியுங்கள். மெம்டெஸ்ட்86 என்ற மென்பொருளைப் பென்டிரைவில் போட்டு, இரவு முழுக்க ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த வேகம் வேண்டாம், ஒரு படி இறங்குங்கள். குளிர்காலத்தில் தேறினாலும் மே மாதத்தில் மதிய நேரத்தில் ஒரு முறை மறுபடியும் சோதியுங்கள்.

நான்காவது, அதன் பிறகும் ஆசை இருந்தால் பிராசசருக்கு வாருங்கள். எல்லா பிராசசரும் எல்லா போர்டும் இதற்கு இடம் தராது. இன்டெல்லில் கே என்று முடியும் பிராசசரும் இசட் வரிசை போர்டும் வேண்டும். ஏ.எம்.டி.யில் ஏ320, ஏ520 போர்டுகளில் முடியாது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும், ஒரு படி மட்டும் மாற்றுங்கள். மாற்றியதை நோட்டில் எழுதுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது கெடுத்தது என்று தெரியாது.

ஐந்தாவது, வோல்ட்டேஜில் விளையாடாதீர்கள். டி.டி.ஆர்.4 ராமின் சாதாரண வோல்ட்டேஜ் 1.2. எக்ஸ்.எம்.பி.யில் பெரும்பாலும் 1.35. ராம் பெட்டியில் அச்சிட்டதைத் தாண்ட வேண்டாம். 2023-ல் ரைசன் 7000 வரிசையில் சில பிராசசர்கள் அதிக வோல்ட்டேஜால் எரிந்துபோனதும், ஏ.எம்.டி. எஸ்.ஓ.சி. வோல்ட்டேஜுக்கு 1.3 என்று வரம்பு வைத்ததும் பலருக்கு நினைவிருக்கும். அந்த வரிசை வைத்திருப்பவர்கள் பயாஸைப் புதுப்பித்துவிட்டுத்தான் எக்ஸ்போவை இயக்க வேண்டும். பயாஸ் புதுப்பிக்கும்போது யு.பி.எஸ். கட்டாயம். நடுவில் கரண்ட் போனால் போர்டே எழாமல் போகலாம். ஓவர்கிளாக்கிங்கால் வரும் சேதத்துக்கு வாரண்டி பொதுவாகப் பொருந்தாது என்பதும் நினைவிருக்கட்டும்.

தவறாக வைத்து கம்ப்யூட்டர் எழவில்லை என்றால் பயப்படாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, போர்டில் இருக்கும் வட்ட பேட்டரியைக் கழற்றிச் சில நிமிடம் கழித்துப் போட்டால் பெரும்பாலான போர்டுகளில் பழைய அமைப்புக்குத் திரும்பிவிடும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளை ஓவர்கிளாக் என்று சொன்னால் உடனே திட்டாதீர்கள். ஒன்றை மாற்றி, அளந்து, எழுதி, மறுபடி சோதிப்பது நல்ல தொழில்நுட்பப் பழக்கம். ஆனால் குடும்பத்தின் போட்டோக்களும் வீட்டுப் பத்திரங்களின் ஸ்கேனும் இருக்கும் கம்ப்யூட்டரில் அந்தச் சோதனை வேண்டாம்.

தம்பிகளுக்கும் ஒன்று. நொடிக்கு எத்தனை படம் என்று எண்ணுங்கள், தப்பில்லை. கூடவே பிழை எத்தனை என்றும் எண்ணுங்கள். அது பூஜ்ஜியமாக இருந்தால்தான் மற்ற எண்ணுக்கு மதிப்பு.

அந்தப் பையன் இப்போது எங்கள் தெருவில் நான்கு வீடுகளில் ராம் வேகத்தைப் பார்த்துச் சரிசெய்து கொடுத்திருக்கிறான். முதலில் பேக்கப் எடுத்தீர்களா என்று கேட்டுவிட்டுத்தான் கீபோர்டில் கை வைக்கிறானாம். அதைக் கேட்டபோது எனக்கு நிம்மதியாக இருந்தது.